கழிவறைக் கூட்டணி

ஒரு நாட்டின் பெயரையும் ஒரு பிரச்சினையையும் சொன்னால் போதும், அந்த நாடு எந்தப் பக்கம் சாயும் என்று அவள் மூச்சு விடாமல் சொல்லிவிடுவாள். ‘கொஞ்ச நாள் முறுக்கிக்கொள்வார்கள், கடைசியில் ஆதரவுதான்’ என்பாள். ‘மேடையில் தேனொழுகப் பேசுவார்கள், ஓட்டு மட்டும் நமக்கு எதிராக விழும்’ என்பாள். பெரும்பாலும் சொன்னது சொன்னபடியே நடக்கும். அதனால் தூதரகத்தில் அவளுக்குப் பஞ்சாங்கம் என்று பெயர் விழுந்துவிட்டது. பெயரை வைத்தவர் தூதரே என்பதால் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வெளியே முகம் சுளித்தாலும் உள்ளூரக் குளிர்ந்துதான் போனாள்.

உலக நாடுகளெல்லாம் கூடிப் பேசும் பேரவை இருந்த நகரம் அது. தூதரகத்தின் மேல்மாடியில் நின்றால் பேரவைக் கட்டடம் முழுசாகத் தெரியும். பஞ்சாங்கத்துக்குத் தெரியாது, ஏனென்றால் அவள் இடம் கீழ்த்தளம். ஜன்னல் இல்லாத அறை, தலைக்கு மேல் தண்ணீர்க் குழாய், மூலையில் எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும் நகலெடுக்கும் இயந்திரம். பேரவையில் ஒவ்வொரு வாக்கெடுப்பு முடிந்ததும் அச்சான தாள் ஒன்று அவளிடம் வரும். எந்த நாடு ஆதரவு, எது எதிர்ப்பு, எது நடுநிலை என்று அதில் இருக்கும். அவள் அதைப் பெரிய அட்டவணையில் ஏற்றுவாள். ஆதரவுக்கு ஒரு டிக், எதிர்ப்புக்கு ஒரு பெருக்கல் குறி, நடுநிலைக்கு ஒரு வட்டம். வாக்கெடுப்பு நேரத்தில் ஆளே இல்லையென்றால் கட்டம் வெள்ளையாகவே கிடக்கும்.

பிறகு அந்தந்த நாட்டுக்காரர்கள் பேசிய பேச்சை எடுத்துப் படிப்பாள். வாய் ஒன்று சொல்லி, கை வேறொன்று செய்திருந்தால் அவளுக்குக் கொண்டாட்டம். உடனே அந்த நாட்டைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு தயாராகிவிடும்: இவர்கள் சொல்வது என்ன, செய்வது என்ன, யாருக்குப் பயப்படுகிறார்கள், எப்படிப் பேசினால் மசிவார்கள். தூதர் யாரைச் சந்திக்கப் போனாலும் அவள் எழுதிய பக்கத்தைப் படிக்காமல் காரில் ஏற மாட்டார். இத்தனை நாடுகளின் குணத்தையும் கரைத்துக் குடித்தவள் அந்த நாட்டுக்காரர்களில் ஒருவரோடுகூட உட்கார்ந்து ஒரு காபி குடித்தது கிடையாது. அதை ஒரு குறையாக அவளும் நினைக்கவில்லை, மற்றவர்களும் நினைக்கவில்லை.

பேரவையின் ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அட்டவணை, ஒரு கோப்பு என்று பிரித்து வைத்திருந்ததும் அவள் ஏற்பாடுதான். கடல் குழுவுக்கு நீல அட்டை, சட்டக் குழுவுக்குப் பழுப்பு அட்டை, நிதிக் குழுவுக்குப் பச்சை அட்டை. நீலத்தைத் திறந்தால் கடல் மட்டும்தான் தெரியும், பச்சையைத் திறந்தால் நிதி மட்டும்தான். ஒரு நிறத்தை மூடி வைத்துவிட்டுத்தான் அடுத்த நிறத்தைத் திறப்பாள். சுத்தமான வேலை என்று எல்லோரும் மெச்சினார்கள்.

அட்டவணையில் கிடந்த அந்த வெள்ளைக் கட்டங்களில்தான் வினை வந்து உட்கார்ந்தது. பெரிய நாட்டையும் பகைக்கக் கூடாது, பக்கத்து நாட்டையும் பகைக்கக் கூடாது என்று நினைக்கிற சிலர், வாக்கெடுப்பு மணி அடித்ததும் நைசாக எழுந்து வெளியே போய்விடுவது உண்மையிலேயே உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு அவள் ஒரு பெயர் வைத்தாள்: கழிவறைக் கூட்டணி. திங்கட்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது தூதர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எப்போதும் உர்ரென்று இருக்கிற இரண்டாம் செயலர்கூடச் சிரித்துவிட்டார். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தக் கூட்டணியில் அவள் முதலிடம் கொடுத்தது ஒரு குட்டித் தீவு நாட்டுக்கு. எந்தக் கோப்பைத் திறந்தாலும் அந்த வரிசையில் பாதிக்குப் பாதி வெள்ளை. அவளும் எழுதினாள்: ‘இந்நாட்டின் பிரதிநிதி பெரிய நாடுகளுக்கு அஞ்சுபவர். மணி அடித்தால் இவருக்கு இருக்கை நினைவு வராது, கழிவறைதான் நினைவு வரும்.’ எழுதிவிட்டுத் தானே இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டாள். வாக்கியம் அவ்வளவு அழகாக வந்திருந்தது.

வீட்டிலும் அது செல்லுபடியாயிற்று. அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும் நேரம் வந்தால் மனிதர் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடுவார்.

“அம்மா, அப்பா தீவு நாடாயிட்டாரு!” என்று மகள் சமையலறையிலிருந்து கத்துவாள்.

“மணி அடிச்சுதா இல்லையா?” என்று குளியலறைக்குள்ளிருந்து அவர் பதில் கத்துவார். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்த வருஷம் அவர்கள் நாடு பேரவையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. கப்பல்கள் கழிவை நடுக்கடலில் கொட்டுவதைத் தடுக்கும் தீர்மானம். ஜெயிக்குமா தோற்குமா என்று நூலிழையில் நின்றது. ஒவ்வொரு ஓட்டுக்கும் தூதர் ஆலாய்ப் பறந்துகொண்டிருந்தார். அப்போது தீவு நாட்டின் வெளியுறவு அமைச்சர் நகரத்துக்கு வந்திருந்தார். ஒரு விருந்தில் தூதருக்கு அவர் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. மறுநாள் தூதர் கீழ்த்தளத்துக்கே இறங்கி வந்துவிட்டார். அப்படி அவர் அங்கே வந்தது அதுவரை நடந்ததில்லை.

“பஞ்சாங்கம், உன் வரிய அமைச்சர் காதுலயே போட்டுட்டேன்! ‘எல்லாம் சரி சார், மணி அடிச்சா உங்க ஆளுக்கு மட்டும் பாத்ரூம் ஞாபகம் வந்துடுதே’ன்னேன். சுத்தி இருந்தவங்க எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அமைச்சர் மூஞ்சி செத்துப்போச்சு. இனிமே அவங்க ஆளு சீட்ட விட்டு அசைய மாட்டான் பாரு.”

“நான் எழுதினதுன்னு சொல்லலையே சார்?” என்று கேட்டாள். சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஆசை அந்தக் கேள்வியில் இருந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு போனாள்.

வாக்கெடுப்பு நாளில் இரண்டாம் செயலருக்குக் காய்ச்சல். ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு என்று யார் யார் எந்த விளக்கைப் போடுகிறார்கள் என மண்டபத்தில் இருந்து பார்த்து உடனுக்குடன் சொல்ல ஒரு ஆள் வேண்டும். “நீயே போய்ட்டு வாம்மா” என்று தூதர் அனுமதிச் சீட்டை நீட்டினார். இத்தனை வருஷம் தாளில் மட்டும் பார்த்த பேரவைக்குள் அவள் முதல் தடவையாகக் கால் வைத்தாள். உள்ளே போனதும் அவளுக்குக் கிடைத்த முதல் அதிர்ச்சி அதன் நீளம். கடல் குழு ஒரு கோடியில், சட்டக் குழு மறு கோடியில், நிதிக் குழு இரண்டு மாடி மேலே. நடுவே முடிவில்லாத நடைபாதைகள், வழவழ தரை, சுவரோரம் பெஞ்சுகள்.

சீக்கிரமே வந்துவிட்டதால் கடல் குழு மண்டபத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மகளுக்கு ஃபோன் போட்டாள். “பசிச்சா ஃப்ரிட்ஜ்ல இருக்கறத சூடு பண்ணி சாப்பிடு. அப்பா வந்தா பாத்திரத்தக் கழுவ வை, ஓட விடாத” என்று சொல்லிவிட்டு வைத்தாள். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

ஐம்பதைத் தாண்டியவர். கோட்டின் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. தோளில் பிதுங்கி வழிகிற பை. ஓடி வந்திருந்தார் போல. மூச்சு இரைக்க இரைக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நம்ம பேச்சு கேட்டு எவ்வளவு நாளாச்சு! தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எங்க தாத்தா காலத்துலயே கடல் தாண்டிப் போயிட்டோம். வீட்டுல மட்டும் விடல” என்றார். எந்த ஊர் என்று அவள் கேட்டாள். அவர் அந்தத் தீவின் பெயரைச் சொன்னார்.

அவளுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். அட்டவணையில் ஒரு வரிசையாகக் கிடந்தவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏன் அண்ணா இப்படி ஓடி வரீங்க?” என்றாள்.

“சட்டக் குழுவுலேர்ந்து வரேன். அங்கயும் இன்னிக்கு ஓட்டு இருக்கு. மேல நிதிக் குழுவுலயும் இருக்கு. எல்லாம் ஒரே நேரம். பெரிய நாடுகளுக்கு என்ன, குழுவுக்கு ஒரு ஆள். எங்க நாட்டுக்கு நான் ஒருத்தன்தான். காலைல ஒரு பொண்ணு வந்து டைப் அடிச்சுக் குடுத்துட்டுப் போகும். மத்தபடி தூதரும் நான்தான், கதவத் திறக்கறவனும் நான்தான்.” பையைத் தட்டிக் காட்டினார். “தினம் காலைல எழுந்தா முதல் வேலை, இன்னிக்கு எந்த ஓட்டக் கைவிடறதுன்னு முடிவு பண்றதுதான். ஒரு மனுஷன் எத்தன நாற்காலியிலம்மா உக்கார முடியும்?”

நீல அட்டை, பழுப்பு அட்டை, பச்சை அட்டை மூன்றும் அவள் கண்முன்னால் வந்து நின்றன.

“இன்னிக்கு மத்த ரெண்டையும் விட்டுட்டு இங்க வந்துட்டேன். தலைநகர்லேர்ந்து உத்தரவு. கப்பல் கழிவு எங்க கரையிலதான் வந்து ஒதுங்குது, உத்தரவு இல்லன்னாலும் வந்திருப்பேன்.” கொஞ்சம் தயங்கினார். அன்னியரிடம் சொல்வது சுலபம் என்பதாலோ, மொழி கொடுத்த தைரியத்தாலோ, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “இந்த வருஷந்தான் எனக்குக் கடைசி. கூட்டத்தொடர் முடிஞ்சதும் திரும்பி வான்னு ஓலை வந்துடுச்சு. ஓட்டுப் போடற நேரத்துல நான் பாத்ரூம்ல போய் ஒளிஞ்சுக்கறேனாம். யாரோ ஒரு தூதர் எங்க அமைச்சர்கிட்ட நாலு பேர் முன்னாடி சொல்லிட்டார். அமைச்சர் ஃபோன்ல என்ன கேட்டார் தெரியுமா? ‘உமக்கு ஏதாவது வியாதியா?’ன்னார். சின்ன ஊரும்மா எங்களுது. சந்தையில என் சம்சாரத்தைப் பாத்து ஆள் ஆளுக்கு விசாரிக்கறாங்களாம். அவ அழுதுட்டா.”

அவளுக்குக் காதுமடல் சுட்டது. இது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள்.

“அந்தத் தூதருக்கு என்னைத் தெரியவே தெரியாது. யாரோ கெட்டிக்காரங்க எழுதிக் குடுத்திருப்பாங்க. ஆமா, நீங்க எந்த ஆபீஸ்ம்மா?” என்றார் அவர்.

அப்போது மணி அடித்தது. நடைபாதை முழுக்க அதிர அடித்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆனால் பதிலுக்காக ஒரு நொடி நின்றார். அவள் எழுந்து, “இதோ… வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு நேரே எதிரே இருந்த கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். அது கழிவறை.

முகம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியை நிமிர்ந்து பார்க்கவில்லை. பொல்லாத கட்டடம் அது. கழிவறைச் சுவரில்கூட ஓர் ஒலிபெருக்கியை மாட்டி வைத்திருந்தார்கள். தலைவர் வாக்கெடுப்பைத் தொடங்குவதும், இருக்கைகள் கிறீச்சிடுவதும், ‘எல்லா நாடுகளும் வாக்களித்துவிட்டனவா?’ என்று அவர் கேட்பதும் அவளைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்தன. தீர்மானம் நிறைவேறியது. கைதட்டல் கேட்டது. எந்த நாடு எந்த விளக்கைப் போட்டது என்று பார்க்க அனுப்பப்பட்டவள் ஒரு விளக்கைக்கூடப் பார்க்கவில்லை. அவமானம் என்ற சொல்லை எத்தனையோ குறிப்புகளில் எழுதியிருக்கிறாள். அது உடம்புக்குள் இப்படிச் சூடாக இறங்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

அவள் திரும்பி வருவதற்குள் முடிவுத் தாள் தூதரகத்துக்கு வந்துவிட்டிருந்தது; அங்கே ஒரே அமர்க்களம். “உன் வரி வேலை செஞ்சுடுச்சு பாத்தியா! தீவுக்காரன் ஒழுங்கா உக்காந்து பச்சை விளக்கப் போட்டான்” என்று தூதர் எல்லோர் முன்னிலையிலும் கையைக் குலுக்கினார். அவள் சிரித்தாள். சிரித்தாள் என்பதைப் பிற்பாடு நினைத்து நினைத்து மருகினாள்.

கீழே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று அட்டைகளையும் ஒரே நேரத்தில் மேசையில் விரித்தாள். நீலத்தில் வெள்ளையாக இருந்த ஒரு பிற்பகலில் பழுப்பில் டிக் இருந்தது. பழுப்பில் வெள்ளையாக இருந்தபோது பச்சையில் பெருக்கல் குறி இருந்தது. அதுவும் ஒரு பெரிய நாட்டை எதிர்த்துப் போட்ட பெருக்கல் குறி. மனிதர் ஒரு நாளும் ஓடி ஒளியவில்லை. ஓடியதெல்லாம் ஓட்டுப் போடத்தான். எல்லாத் தாளும் அவள் கையெட்டும் தூரத்திலேயே இருந்திருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ ஒருவர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டது.

மூன்று தாள்களையும் எடுத்துக்கொண்டு தூதரிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார், நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“அதுக்கு இப்ப என்னம்மா பண்ணணுங்கற?”

“அமைச்சர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் சார். நம்ம குறிப்பு தப்புன்னு.”

“விளையாட்டுக்குச் சொன்னது அது. இப்ப போய் ‘எங்க ஆராய்ச்சி தப்பு’ன்னு சொன்னா நாளைக்கு நம்ம பேச்ச எவன் மதிப்பான்? வேற ஊர் விவகாரம், வேற ஊர் ஆளு. விட்டுத் தள்ளு.”

அன்று சாப்பிட்டு முடித்ததும் மகள் வழக்கம்போல, “அப்பா தீவு நாடாயிட்டாரு!” என்று கத்தினாள்.

“இனிமே அந்த வார்த்தைய இந்த வீட்டுல சொல்லாத!” என்று இவள் போட்ட சத்தத்தில் கணவர் ஈரக் கையோடு ஓடி வந்தார். நடந்ததைச் சொன்னாள்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அந்த அண்ணன் இன்னும் இங்கதான இருக்காரு? போய்ச் சொல்லிடு.”

“எப்படிச் சொல்றது?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா நீ போகலன்னா இதே மூஞ்சியத்தான் தினம் நாங்க பாக்கணும்.”

தீவு நாட்டின் அலுவலகம் ஒரு சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை. படியேறும்போதே சோப்பு வாடையும் நீராவியும் முகத்தில் அடித்தன. அறையில் ஒரு மேசை, கூரையைத் தொடுகிற தேசியக் கொடி, பாதி கட்டிய அட்டைப்பெட்டிகள். அவர் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பெட்டியை நகர்த்தி நாற்காலி போட்டார். அந்த மலர்ச்சியைத் தாங்க முடியாமல் அவள் நின்றபடியே சொல்லிவிட்டாள்.

“அத எழுதினது நான்தான் அண்ணா.”

அவர் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். கீழே துணி உலர்த்தும் இயந்திரம் சுழல்வது தரை வழியாகக் கேட்டது.

“அதுக்கு முன்னாடி என்னைப் பாத்திருக்கீங்களா?”

“இல்ல.”

“யார்கிட்டயாவது விசாரிச்சீங்களா?”

“இல்ல. கட்டம் காலியா இருந்துச்சு.”

“சரி. அன்னிக்கு மணி அடிச்சதும் எழுந்து போனீங்களே, எங்க போனீங்க?”

பொய் சொல்ல அவளுக்குத் திராணி இல்லை. “பாத்ரூமுக்கு” என்றாள்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பெட்டி மேல் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணில் நீர் வர வரச் சிரித்தார். அவளும் சிரித்துவிடலாமா என்று நினைப்பதற்குள் அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றுபோயிற்று. நின்ற பிறகு பார்த்த முகத்தை அவள் அப்புறம் மறக்கவே இல்லை.

அவருடைய அமைச்சருக்குத் தன் பெயரும் கையெழுத்தும் போட்டு எழுதிய கடிதத்தை அவள் நீட்டினாள். எந்தப் பிற்பகலில் அவர் எந்த மண்டபத்தில் ஓட்டுப் போட்டார் என்று எல்லாம் அதில் இருந்தது. அவர் நிதானமாகப் படித்தார்.

“இது தெரிஞ்சா உங்க வேலைக்கு ஆபத்து வரலாம், தெரியும்ல?”

“தெரியும்.”

“அனுப்புங்க. பாவம்னு பாத்து வேணாம்னு சொல்லுவேன்னு நினைக்காதீங்க, சொல்ல மாட்டேன்.” கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். “ஆனா இத யாரும் முழுசா படிக்க மாட்டாங்கம்மா. உங்க வரி சின்னது, எல்லார் வாயிலயும் நிக்குது. இது ரொம்ப நீளம்.” பிறகு மேசையில் கிடந்த பையைத் தோளில் மாட்டினார். “நிதிக் குழுவுல ஓட்டு இருக்கு. நான் கிளம்பணும்.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்கிற தகுதி தனக்கு இல்லை என்று அவளும் கேட்கவில்லை. அவர் முன்னால் படியிறங்கி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பின்னால் இறங்கினாள். கோட்டில் அன்றைக்கும் பொத்தான் மாறித்தான் கிடந்தது.

கடிதத்தை அன்றே அனுப்பினாள். பதில் வரவில்லை. கூட்டத்தொடர் முடிந்து, அடுத்தது தொடங்கி, தாள்கள் மறுபடி கீழ்த்தளத்துக்கு வர ஆரம்பித்தன. இப்போது அவள் மூன்று அட்டைகளையும் சேர்த்தே விரித்து வைத்துக்கொள்கிறாள். தீவு நாட்டின் வரிசையைத் தேடினாள். நீலத்தில் வெள்ளை. பழுப்பில் வெள்ளை. பச்சையிலும் வெள்ளை. அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டவர்கள் அவர் இடத்துக்கு யாரையும் அனுப்பவில்லை. சலவைக் கடைக்கு மேலே இருந்த பெயர்ப்பலகையையும் கழற்றிவிட்டார்கள்; தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் இரண்டாம் செயலர் அட்டவணையைக் கையில் எடுத்ததும் புருவத்தை உயர்த்தினார். “அடேயப்பா, தீவு முழுக்க வெள்ளை! முன்னாடி பாதி நாள்தான் பாத்ரூம். இப்ப அங்கயே குடியேறிட்டாங்க போல.”

தூதர் மேசையைத் தட்டிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, நகைச்சுவையின் சொந்தக்காரி இன்னும் என்ன சேர்ப்பாள் என்று அவள் பக்கம் திரும்பினார்கள்.

அவள் எழுந்து நின்றாள். அந்த அறையில் அவள் எழுந்து பேசியதே இல்லை. காதுமடல் சுட்டது, கழிவறைக் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட ஒரு கணம் நினைவு வந்து போனது.

“பாத்ரூம்ல யாரும் இல்ல சார். அந்த நாட்டுக்குன்னு இருந்தது ஒரே ஒரு ஆளு. மூணு மண்டபத்துக்கும் அவர் ஒருத்தரே ஓடிக்கிட்டு இருந்தாரு. நான் பாக்காம கொள்ளாம ஒரு வரி எழுதினேன், நீங்க அத விருந்துல சொன்னீங்க. அவர் வேலை போயிடுச்சு. தப்புன்னு அவங்க அமைச்சருக்கு நானே கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்பிட்டேன், பதில் இல்ல. இப்ப அங்க ஓட்டுப் போட நாதி இல்ல. இந்த வெள்ளை எல்லாம் நான் அடிச்ச வெள்ளை.”

இரண்டாம் செயலர் அட்டவணையை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். தூதர் அவளைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி எதுவும் அடிக்கவில்லை.

“ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார்.

அவள் உட்காரவில்லை. முகம் எரிய எரிய, அவர் திரும்பி வரும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.